துவைக்கும் மேடை மேல் ஒரு ரொட்டி அடுப்பு

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 30 அடியில் ஓர் இடம் இருக்கிறது. தோட்டம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஒரு தென்னை, ஒரு எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, யாரும் நடாமலே சுவரோரம் பரவிக் கிடக்கும் கற்பூரவல்லி, வாஷிங் மெஷின் வந்த பிறகு அணில்கள் மட்டும் உட்காரும் துணி துவைக்கும் மேடை. அவ்வளவுதான். இந்தப் பிப்ரவரியில் அங்கே எட்டு வீட்டுக்காரர்கள், சின்னது பெரியது சேர்த்து 26 பேர், மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு சாப்பிட்டோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்து வர வேண்டும். இதற்கு பாட்லக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் கொட்டாங்கச்சியை வைத்துக்கொண்டு கூட்டாஞ்சோறு ஆக்கியவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்து இப்படிக் கூடுவது வழக்கம்தான். எப்போதும் சீரகச் சம்பாவில் ஆம்பூர் பிரியாணி, தால்ச்சா, எண்ணெய்க் கத்தரிக்காய். மறுநாள் யாரும் எழுந்திருக்க மாட்டோம். இந்தத் தடவை என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், வேறு ஏதாவது செய்வதாக இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் நைட் டியூட்டி போட்டுக்கொள்கிறேன் என்று. மத்தியதரைக் கடல் யோசனை மகளுடையது.

வேலூருக்கு ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. 1981-இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டதால் அதில் ஒன்று அடிபட்டுப் போனது. "அதுக்குப் பதிலா நீ ஒண்ணு சேத்துட்டியேப்பா, கடல் இல்லாத ஊர்ல கடல் விருந்து" என்றார் பக்கத்து வீட்டு மாமா. என்னிடம் பதில் தயாராக இருந்தது. மத்தியதரைக் கடல் உணவு முறையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் 2010-இல் சேர்த்தபோது அதில் ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ என நான்கு நாடுகள். 2013-இல் சைப்ரஸ், குரோஷியாவோடு போர்ச்சுகலும் சேர்ந்துகொண்டது. போர்ச்சுகலுக்கு மத்தியதரைக் கடலில் ஓர் அடி கரைகூடக் கிடையாது, இருப்பதெல்லாம் அட்லாண்டிக் கரைதான். அவர்களுக்குக் கொடுத்த இடத்தில் காட்பாடிக்கு ஒரு ஓரம் கிடைக்காதா?

மாமா சிரித்தார். ஆனால் வருவதாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரன் பங்கு ரொட்டி என்று நானே எடுத்துக்கொண்டேன். பீட்டா ரொட்டி. உள்ளே பை மாதிரி பிரியுமே, அது. தோசைக்கல்லிலும் வரும். ஆனால் 40 ரொட்டியை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தால் கடைசி ரொட்டி வெந்து வரும்போது முதல் ரொட்டி அப்பளமாகியிருக்கும். அடுப்பு கட்டிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கட்டட வேலை மேற்பார்வை. செங்கல்லைக் கண்டால் கை அரிக்கும். ரொட்டி ஒரு சாக்கு.

துவைக்கும் மேடை இரண்டரை அடி உயரம், நான்கடிக்கு மூன்றரை அடி. நின்றபடி வேலை செய்ய ஏற்ற உயரம். சமையலறை வேலையில் மிஞ்சிய கடப்பாக்கல் ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைத் தளமாகப் போட்டு, மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பழைய இரும்புத் தகடு மூடி, நெருப்பு வைத்தேன். கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பட்டாசு மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பறந்து போய்ப் பிளாஸ்டிக் வாளியில் பட்டு வாளி கிழிந்தது. வாளிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதற்கு அப்புறம் வீட்டுக்குள் எனக்கு நடந்த பூஜையை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் சைட்டில் எங்கள் பெரிய மேஸ்திரியிடம் சொன்னேன். "கடப்பாக்கல்லு மேல நெருப்ப வெச்சா வெடிக்காம இன்னா சார் பண்ணும்?" என்றார். அது ஏடு ஏடாகப் படிந்த கல். ஏடுகளுக்கு நடுவே ஈரம் நிற்கும். சூட்டில் அது ஆவியாகும்போது வெளியே வர வழி இல்லாமல் ஏட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. ஆற்றுக் கூழாங்கல்லுக்கும் அதே கதிதான். கிரானைட்டும் நேரடி நெருப்பில் செதில் செதிலாகப் பெயரும். "களிமண்ணுல போடு சார். எங்க ஆயா நெல்லு அவிக்கிற அடுப்ப அப்டித்தான் போடும்." இத்தனை வருஷமாக அவருக்கு நான் வரைபடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனி, ஞாயிறு மண் வேலை. யாராவது செய்து பார்ப்பதானால் உதவட்டும் என்று அளவோடு எழுதுகிறேன்.

மேடையில் இரண்டு அங்குலத்துக்கு உமிச்சாம்பல் கொட்டித் தட்டினேன். ஆரணிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒரு மூட்டை கொடுத்தார். சூடு கீழே இறங்காமல் தடுக்க இதைவிட மலிவான சரக்கு எனக்குத் தெரியாது. அதற்கு மேல் ஒரு அங்குலம் மணல். மணல் மேல் 40 நாட்டுச் செங்கல்லைச் சிமென்ட் எதுவும் இல்லாமல் ஒட்டி ஒட்டிப் படுக்கப் போட்டேன். இடையில் கலவை வைக்கக் கூடாது. சூட்டில் செங்கல் விரியும், அதற்கு இடம் வேண்டும். சூளையில் ஒரு தடவை வெந்து வந்த கல் என்பதால் இது வெடிக்காது. தளத்தில் ஒரு கல் மேலேயும் ஒரு கல் கீழேயுமாக இருந்தால் ரொட்டி தள்ளும் பலகை முட்டும். அதனால் மட்டக்கோலை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

பிறகு அந்தத் தளத்தின் மேல் ஈர மணலைக் குவித்து ஒரு மேடு. குறுக்களவு 27 அங்குலம், உயரம் 16 அங்குலம். பத்துச் சட்டி எம்-சாண்ட் பிடித்தது. பாலாறு இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. ஆற்று மணலை மட்டும் கேட்காதீர்கள். மேட்டின் மேல் நனைத்த செய்தித்தாளை இரண்டு சுற்று ஒட்டினேன். பின்னால் உள்ளே இருந்து மணலைத் தோண்டும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் காகிதம்தான் சொல்லும்.

மூன்று சட்டி களிமண், ஆறு சட்டி மணல். களிமண்ணை முதல் நாளே ஊறவைத்து, கல்லைப் பொறுக்கி எடுத்து, மணலோடு சேர்த்துத் தார்ப்பாயில் போட்டு மகளும் நானும் மிதித்தோம். பதம் பார்க்க, ஒரு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். சிதறினால் தண்ணீர் போதவில்லை. சாணி மாதிரி அப்பிக்கொண்டால் தண்ணீர் அதிகம். உருண்டையாகவே லேசாக நசுங்கி நின்றால் சரி. களிமண் கூடிப்போனால் காயும்போது வெடிப்பு விடும், மணல் கூடிப்போனால் உதிரும். இந்தக் கலவையை அடியிலிருந்து மேலே, மூன்று அங்குலக் கனத்தில், வரிசை வரிசையாக அமுக்கிக்கொண்டே போனேன். மணல் மேட்டின் மேல் சாய்த்து அமுக்கக் கூடாது. முந்தைய வரிசையின் தலை மேல் அமுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் மணலை எடுத்த பிறகும் கூண்டு தன் காலில் நிற்கும்.

இரண்டு நாள் கழித்து, விரலால் அழுத்தினால் பதியாத நிலையில், கத்தியால் வாயை வெட்டினேன். வாயின் உயரம் உள்ளே இருக்கும் உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கு இருக்க வேண்டும் என்பது மண் அடுப்பு கட்டுபவர்கள் சொல்லும் கணக்கு. 16 அங்குலத்துக்குப் பத்து அங்குலம். அதைவிடத் தாழ்ந்தால் காற்று உள்ளே வராமல் புகையும், உயர்ந்தால் சூடு வெளியே ஓடிவிடும். கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும், மேல்பாதி வழியாகப் புகை வெளியேறும். தனியாகப் புகைக்கூண்டு வேண்டியதில்லை. மணலைத் தோண்டி எடுத்தபோது முந்தின வாரத்துத் தேர்தல் செய்தி தலைகீழாகக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் நிழலில் காய்ந்தது. அப்புறம் நான்கு நாள், தினம் ஒரு சின்ன நெருப்பு. முதல் நாள் நான்கு சுள்ளி, அடுத்த நாள் கொஞ்சம் கூட. அவசரப்பட்டுப் பெரிய நெருப்பு வைத்தால் கடப்பாக்கல் கதைதான் மறுபடியும். மூன்றாம் நாள் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் உச்சியிலிருந்து இறங்கியது. அதே மண்ணைக் குழைத்து அடைத்தேன். இன்றைக்கும் அந்தக் கீறல் இருக்கிறது. சூடாகும்போது திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இதற்குள் சாப்பாட்டுப் பக்கம் வேறொரு சிக்கல். "உங்களுக்குப் பிடித்ததைச் செய்து கொண்டுவாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். நான்கு வீட்டிலிருந்து ஹம்மஸ் என்கிற கொண்டைக்கடலை விழுது என்று பதில் வந்தது. இரண்டு வீட்டில் பாஸ்தா சாலட். ஒருவர் எலுமிச்சை சாதம் கடல் உணவில் சேருமா என்று கேட்டிருந்தார். பெயரை மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது என்று புரிந்தது. மகளும் நானும் உட்கார்ந்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நம் வீட்டில் எந்த வேலைக்குச் சமம் என்று சேர்த்து எழுதினோம். ஃபலாஃபல் என்றால் மசால் வடை, ஆனால் பருப்புக்குப் பதில் வெள்ளைக் கொண்டைக்கடலை. லப்னே என்றால் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். பஸ்பூசா என்றால் ரவையைக் கேக் மாதிரி வேகவைத்துப் பாகு ஊற்றுவது. இப்படி எழுதி அனுப்பியதும் கேள்விகள் நின்றன.

ஒரு வீட்டைத் தவிர. என்னோடு வேலை பார்ப்பவர், கடலையைக் குக்கரில் நான்கு விசில் விட்டு, அரைத்து, உருட்டி, முன்னோட்டமாக எண்ணெயில் போட்டிருக்கிறார். போட்டதும் கரைந்து எண்ணெய் கஞ்சியாகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினார். எங்கள் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், காட்டினேன். வயது எண்பதைத் தாண்டியது, சொந்த ஊர் அணைக்கட்டுப் பக்கம். மத்தியதரைக் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருப்பதிக்கு அந்தாண்டையா என்று கேட்கும். ஒரே பார்வைதான். "வடைக்குப் பருப்ப யார்னா வேக வெப்பாங்களா?" ஃபலாஃபல் பற்றி எழுதியிருப்பவர்கள் எல்லோரும் பத்து வரியில் சொல்வது இதைத்தான். ஊறவைத்த கடலையில் இருக்கும் மாவுச்சத்து எண்ணெயில் வேகும்போதுதான் இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. முன்னாலேயே வெந்துவிட்டால் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, வெங்காயம், பூண்டு, கொத்துமல்லி, சீரகம், தனியா சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் போதும். எகிப்தில் கடலைக்குப் பதில் பெரிய அவரை வகைப் பருப்பு ஒன்றைப் போடுவார்கள். பொரிக்கக் கடலை எண்ணெய். ஆலிவ் எண்ணெயை வடைச்சட்டியில் ஊற்றுவது வீண் செலவு. அரை லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஊற்ற மட்டும் வைத்துக்கொண்டோம்.

பார்ஸ்லி, ஓரிகானோ, பேசில் என்று வாசனை இலைகளுக்கு மகள் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். டிசம்பரிலேயே பார்ஸ்லி விதை வாங்கித் தொட்டியில் போட்டேன். முளைக்கவே மூன்று வாரத்துக்கு மேல். ஒரு பாக்கெட்டுக்கு 11 செடி தேறியது. மற்றவற்றைத் தேடி சென்னைக்கு ஆர்டர் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கற்பூரவல்லி கண்ணில் பட்டது. கிள்ளி முகர்ந்தால் பீட்சாக் கடை வாசம். சும்மா இல்லை, ஆங்கிலத்தில் இதற்கே கியூப ஓரிகானோ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஓமத்திலும் தைம் இலையிலும் வாசம் கொடுப்பது தைமால் என்கிற ஒரே பொருள். திருநீற்றுப் பச்சிலையும் இத்தாலிக்காரர்களின் பேசிலும் ஒரே தாவர இனம். அவர்கள் ஊர் ரகத்தில் இனிப்பு வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நம்மூர் இலையில் காரம் அதிகம். இதன் விதையைத்தான் சப்ஜா விதை என்று சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம். லெபனான்காரர்கள் ஃபத்தூஷ் என்று ஒரு சாலட் செய்கிறார்கள். பழைய ரொட்டியைப் பொரித்துப் பிய்த்துப் போடுவது. அதில் போடும் கீரையின் படத்தைப் பார்த்த என் மனைவி, "இது நம்ம பருப்புக் கீரை" என்றாள். அதுவேதான். நேதாஜி மார்க்கெட்டில் ஐந்து கட்டு வாங்கினேன். கீரைக்காரம்மா, "பருப்பு எவ்ளோ போடுவ?" என்றார். பச்சையாகச் சாப்பிடப் போகிறோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாமே இப்படிப் பொருந்தி வந்துவிடவில்லை. தபூலே என்கிற பார்ஸ்லி சாலட்டில் புல்கர் போட வேண்டும். அது கோதுமையை முதலில் வேகவைத்து, காயவைத்து, பிறகு உடைப்பது. வெந்நீரில் ஊறவைத்தாலே போதும். நம் கோதுமை ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது, ஊறவைத்தால் பல்லில் நறநறக்கும். தனியாக வேகவைத்து, தண்ணீரில் அலசி ஆறவைத்தால் ஓரளவு வரும். பதினோரு செடி பார்ஸ்லி ஒரு கைப்பிடிதான் வந்தது. மிச்சத்துக்குக் கொத்துமல்லியும் புதினாவும். சாப்பிட நன்றாக இருந்தது, ஆனால் தபூலே இல்லை. ஃபெட்டா என்ற பெயரை 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்க நாட்டுப் பாலாடைக்கட்டிக்கு மட்டும்தான் வைக்கலாம். நாங்கள் அந்தச் சட்டத்தை மீறும் நிலைக்கே வரவில்லை. லிட்டருக்கு 80 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய பன்னீர், உப்புப் பன்னீராக வெளியே வந்தது. தக்காளியோடும் திருநீற்றுப் பச்சிலையோடும் தின்றுவிட்டோம்.

ஹம்மஸ் மேல் வீட்டு மாமியின் பங்கு. நான்கு வீட்டில் யாருக்குக் கொடுத்தாலும் சண்டை வரும் என்பதால் கேட்காத வீட்டுக்குக் கொடுத்தோம். ஒரு கிலோ கொண்டைக்கடலை, ஊறும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா, வேகும்போது அரை ஸ்பூன். சோடா தோலைக் குழைத்துவிடும், இரண்டு விரலுக்கு நடுவில் கூழாகிற பதம் வர வேண்டும். நுரை பொங்கும், குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. தஹினி என்பது எள் விழுது. கடையில் பாட்டில் விலையைப் பார்த்துவிட்டு மாமி நானே அரைக்கிறேன் என்றார். முதல் தடவை எள்ளைச் சிவக்க வறுத்து, செக்கு நல்லெண்ணெய் விட்டு அரைத்ததில் எள்ளுருண்டை வாசம் வந்துவிட்டது. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள் இல்லையா, அந்த இனிப்பும் லேசாக இருந்தது. இரண்டாம் தடவை தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் சூடேற்றி, வாசமில்லாத எண்ணெய் விட்டு அரைத்தார். சரியாக வந்தது. எல்லோரும் மிக்ஸி என்று எழுதியிருக்க, மாமி கடலையை இட்லி கிரைண்டரில் போட்டார். முதலில் எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. அது வெளுத்து வந்ததும் கடலை, பிறகு ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. 25 நிமிஷம். கல் அரைத்த அந்த வெண்ணெய்ப் பதத்தை நான் ஓட்டலிலும் பார்த்ததில்லை.

கத்தரிக்காயை ஆயா விட்டுக்கொடுக்கவில்லை. இலவம்பாடி முள் கத்தரிக்காய். வேலூர் முள் கத்தரி என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் தொப்பியிலும் முள், ஜாக்கிரதையாக எடுக்காவிட்டால் விரலில் ஏறும். பாபா கனூஷ் என்கிற சுட்ட கத்தரிக்காய் விழுதுக்கு ஊதாப் பூசணி மாதிரி பெரிய காய் வேண்டும் என்று மகள் சொன்னாள். ஆயா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சின்னக் காயில் தோல் உரிக்கும் வேலை நான்கு மடங்கு என்பது உண்மை. மூன்று கிலோ காய்க்கு ஒன்றரை மணி நேரம் நான்தான் உரித்தேன். ஆனால் சதை வெண்ணெய், விதை தட்டுப்படவே இல்லை. சுடும் முன் கத்தியால் ஒரு குத்துக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் காய் நெருப்பில் வெடிக்கும். சுட்டதை வடிதட்டில் அரை மணி வைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு தஹினி, எலுமிச்சை, பூண்டு. ஆயா ருசி பார்த்தது. "தொவையல்ல எள்ளு போட்டுக்கிறாங்க. மொளகா போட மறந்துட்டாங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. வாடகைக்கு எடுத்த 26 நாற்காலி, எலுமிச்சை மரத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு சீரியல் விளக்கு, பாக்குமட்டைத் தட்டு. தென்னையில் தொங்கிய காய்ந்த மட்டையெல்லாம் முதல் வாரமே இறக்கியாகிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். காற்று பக்கத்து வீட்டுக் கொடிப் பக்கம் அடிக்கும் என்பதால் அங்கே முன்கூட்டியே சொல்லித் துணியை எடுக்கச் சொன்னோம். சைவ மேசை தனி, கரண்டி தனி. இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் யாரும் வர மாட்டார்கள். தயிர் சேர்ந்த பதார்த்தங்கள் ஐஸ் நிரப்பிய தாம்பாளத்தின் மேல்.

மாலை நான்கரைக்கு அடுப்பில் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேல விறகு. இந்தப் பக்கம் கரி பிடித்து எரிய அதை மிஞ்சியது கிடையாது. கூரையின் உட்பக்கம் முதலில் கரேல் என்று கருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கரியே எரிந்து மண் வெளுத்துத் தெரியும். அப்போது அடுப்பு தயார். ஏசி மெக்கானிக் நண்பர் கொண்டுவந்த துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டரில் தளம் 320 டிகிரி காட்டியது.

மாவு இரண்டு கிலோ. மைதா ஒன்றரை, கோதுமை அரை. ஈஸ்ட் 20 கிராம், உப்பு 40 கிராம், ஒரு குழிக்கரண்டி எண்ணெய், லப்னேக்குத் தயிர் கட்டியதில் வடிந்த நீரும் தண்ணீருமாக 1300 மில்லி. ஒன்றேகால் மணியில் இரட்டிப்பாகிவிட்டது. 85 கிராம் உருண்டை 40. தேய்த்த பிறகு பத்து நிமிஷம் துணி மூடி வைக்க வேண்டும். மேல் தோல் காய்ந்தாலோ, ஓரத்தில் மடிப்பு விழுந்தாலோ உப்பாது.

முதல் ஐந்து ரொட்டி உப்பவில்லை. தட்டையாக, முறைத்துப் பார்த்தபடி கிடந்தன. வந்திருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு யோசனை. ஈஸ்ட் பழசு, மாவு தண்ணி, நாள் சரியில்லை. தெர்மாமீட்டரை மறுபடி தளத்தில் பிடித்தேன், 190. கரியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சாம்பலைத் துடைக்க ஈரச் சாக்கைப் போட்டு இழுத்தேனே, தண்ணீர் சொட்டச் சொட்ட. அதில் செங்கல்லின் மேல் சூடு இறங்கிவிட்டது. ரொட்டி உப்புவது உள்ளே இருக்கும் ஈரம் ஒரே அடியாக ஆவியாகி மேல் தோலையும் கீழ்த் தோலையும் பிரிப்பதால்தான். தளம் சூடாக இல்லாவிட்டால் ஆவி மெதுவாகக் கசிந்துவிடும். கரியை மறுபடி தளம் முழுக்கப் பரப்பி, இரண்டு கட்டை போட்டு, கால் மணி காத்திருந்து, இந்தத் தடவை சாக்கை நன்றாகப் பிழிந்து ஒரே இழுப்பு. கைப்பிடி மாவைத் தூவிப் பார்த்தேன். மெதுவாகப் பழுப்பானது, கருகவில்லை. ஆறாவது ரொட்டி உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் ஒரு ஓரம் தூக்கியது, பிறகு முழுவதுமாகப் பந்து. பிள்ளைகள் கத்திய கத்தலில் மாமா தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் அதுவரை வரவில்லை, குளித்துக்கொண்டிருந்தாராம்.

அடுப்படியில் கடைசிவரை நின்றது நானல்ல. தெருமுனைக் கடையில் பரோட்டா போடும் தம்பியைச் சும்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நான் தேய்ப்பதைப் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். "அண்ணா, நீ நவுந்துக்கோ." மீதி 30 ரொட்டியையும் அவன்தான் போட்டான்.

மேல்விஷாரம் அக்கா தயிர், பூண்டு, எலுமிச்சையில் ஊறவைத்த கோழித் துண்டுகளை இரும்புக் கம்பியில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். அடுப்பு வாயருகே கரி மேல் பத்து நிமிஷத்தில் வெந்தது. ஃபலாஃபல்காரர் இந்தத் தடவை வேகவைக்காத கடலையோடு வந்து ஜெயித்தார். பருப்புக் கீரை சாலட் மீதம் இல்லை. தபூலே நிறைய மீதம். ரவை பஸ்பூசா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் யாரோ ஆற்காடு மக்கன் பேடா வைத்துவிட்டார்கள். விதிப்படி இது செல்லாது என்றேன். கொண்டுவந்தவர் விடவில்லை. "மாவப் பொரிச்சுப் பாகுல போட்டா கிரீஸ்ல லுகுமாதேஸ்ன்றான், நான் ஆற்காட்டுல வாங்கினேன், இன்னா தப்பு?" செல்போனில் படம் வேறு வைத்திருந்தார். வந்தவர்கள் விதியைப் பேடாவோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள்.

செலவு எனக்கு அடுப்பில்தான். செங்கல், எம்-சாண்ட், களிமண் ஏற்றிவந்த ஆட்டோ, கிழிந்த வாளி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். நாற்காலி வாடகை தனி. மழைக்கு முன் மேலே ஒரு தகரக் கூரை போட வேண்டும், சுடாத மண் தண்ணீரில் கரைந்துவிடும். துணி துவைக்கும் கல் போய்விட்டதே என்று அணில்களைத் தவிர யாரும் வருத்தப்படவில்லை.

எல்லோரும் போன பிறகு பத்தரை மணிக்கு அடுப்பு வாயைத் தகடு போட்டு அடைக்கப் போனேன். ஆயா வந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்து நான்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டுப் படுக்கப் போனது. காலை ஆறு மணிக்குத் தகட்டைத் தொட்டால் இன்னும் சூடு. கிழங்கின் தோலில் பாகு கசிந்து கறுத்திருந்தது. மிச்சமிருந்த லப்னேயைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே இரண்டைச் சாப்பிட்டேன். ஆயா எழுந்து வந்து மீதியை எண்ணிப் பார்த்தது.